பதினாலாம் நம்பர் ஸ்டப்பில் ஒரு புது இனம்

எங்கள் தொழிலில் எதையும் உடனே பார்த்துவிட முடியாது. குளத்துப் பாசியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், உள்ளே இருக்கிற காற்றைப் பம்ப் முழுக்க உறிஞ்சி எடுக்கிறவரை ஸ்கிரீனில் ஒன்றும் வராது. அரை மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. இதில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது என்று இப்போதே சத்தியம் பண்ணித் தருகிறேன். ஆனால் உடனே தரமாட்டேன். பம்ப் ஓடட்டும். செத்த நேரம் பொறுங்கள்.

இன்னொருத்தர் பார்க்கப்போகிற பொருளை வெட்டி, கழுவி, காயவைத்து, ஒட்டிக் கொடுத்துவிட்டு, ஃபோட்டோவுக்கு அடியில் யார் பெயர் வருகிறது என்று தூர நின்று பார்க்கிற கூட்டம் ஒன்று உலகத்தில் உண்டு. நீங்களும் அதில் ஒருத்தர் என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். என் பெயர் நூர்ஜகான். வயது பத்தொன்பது. பிளஸ் டூவுக்குப் பிறகு ஒரு வருட லேப் டெக்னீஷியன் சர்ட்டிபிகேட். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு கல்லூரியில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, 'இந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ளலாமா' என்று யோசித்து நீட்டிக்கிற வேலை.

இது போக எனக்கு ஒரு கைத்தொழில் உண்டு. யார் குரலிலும் பேசுவேன். இரண்டு தடவை இருமிவிட்டு, "நோட் பண்ணுங்க" என்றால் எங்கள் துறைத்தலைவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்துக்காரர். ஆள் நிலைகுலைந்தால் மட்டும் "ஏமய்யா" வரும். முன்னால் ஒரு "அதாவது", பின்னால் ஒரு "சயின்டிஃபிக்கா" வைத்தால் பூபதி சார்.

பூபதி சாரை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏமாறப்போகிறவர் அவர்தான். முப்பத்துநாலு வயது. ஏழு வருடமாகக் குளத்துப் பாசியில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. தளவாய்புரத்தில் செல்வி என்று ஒரு டீச்சருடன் நிச்சயம் ஆகிவிட்டது. கல்யாணத் தேதி மட்டும் பட்டம் கைக்கு வந்த பிறகுதான் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவருடைய கல்யாணமும் என்னுடைய வேலையும் ஒரு சட்டைப் பித்தான் அளவு உலோகத் துண்டின்மேல் ஒட்டிக்கொண்டு நின்ற கதை இது. அந்தத் துண்டுக்கு எங்கள் பாஷையில் ஸ்டப் என்று பெயர்.

எட்டிப் பார்க்கிற ஓட்டை

மெஷின் வந்த புதிதில் அதற்கு எலுமிச்சம்பழம் வைத்து, மூன்று இடத்தில் சந்தனம் தொட்டு, அறைக்கு ஏ.சி.யும் போட்டு, வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று எழுதி மாட்டினார்கள். அதன் பிறகு வந்த பாதிப் பேர் உள்ளே நுழைந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு நாள் வார்டு கவுன்சிலர் எட்டுப் பேருடன் வந்தார். மைக்ராஸ்கோப் என்றால் குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை இருக்கும் என்பது அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது. மெஷினை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். ஓட்டை இல்லை. இருந்தது ஒரு கறுப்பு வெள்ளை ஸ்கிரீன்.

பூபதி சார் இருபது நிமிடம் விளக்கினார். "அதாவது, இது வெளிச்சத்தை வச்சுப் பாக்கிறது இல்லீங்க. எலக்ட்ரான் கதிரு இலை மேல கோடு கோடா மேஞ்சுக்கிட்டே போகும். அது மேய மேய நமக்குப் படம் விழும், சயின்டிஃபிக்கா." ஸ்கிரீனில் ஒரு துளசி இலையின் அடிப்பக்கம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கிவந்தது. இலையின் ரோமமெல்லாம் பனங்காடு மாதிரி, எண்ணெய்ச் சுரப்பியெல்லாம் கவிழ்த்து வைத்த பானை மாதிரி. கவுன்சிலர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பார்த்தார். கடைசியில் பூபதி சார் தோளில் கை போட்டு, ரகசியம் போலக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இதுல படம் தெரியுமா?"

எடுத்த எடுப்பில் நூறு

கான்சாபுரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். தென்னைக்கு ஏதோ நோய், கல்லூரியில் பெரிய மெஷின் இருக்கிறது, பார்த்துச் சொல்வார்கள் என்று யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஒரு முழு மட்டையைப் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வராந்தாவின் இந்த முனையில் அதன் அடி, அந்த முனையில் நுனி. நான் கத்தரிக்கோலை எடுத்து, விரல் நகத்தில் பாதி அளவு நறுக்கிக்கொண்டு, "போதும் அண்ணாச்சி" என்றேன். அவர் மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, இம்புட்டுக்கா கண்டக்டர்கிட்ட அம்புட்டுப் பேச்சு வாங்குனேன்?"

மனசு கேட்காமல் அவருக்கு வேலையை விளக்கினேன். இலையில் ஈரம் இருந்தால் மெஷினுக்குள் வைக்க முடியாது. ஈரத்தை ஒரேயடியாக எடுத்தால் இலை சுருங்கிவிடும். அதனால் முதலில் முப்பது பங்கு ஸ்பிரிட் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம், பிறகு ஐம்பது, பிறகு எழுபது, பிறகு தொண்ணூறு, கடைசியாகத்தான் சுத்த நூறு. படிப்படியாகப் பழக்க வேண்டும். அவர் ஒவ்வொரு கிண்ணமாக மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். நூறு பங்குக் கிண்ணத்தில் நின்று, பெருமூச்சு விட்டார்: "எங்க ஊர்ல எடுத்த எடுப்புல நூறுதாம்மா. அதான் ஒரு பயலும் உருப்படியா இல்ல, எல்லாம் சுருங்கிப் போயி அலையுதான்."

தங்கம் எங்கே?

ஈரம் போன இலையை ஸ்டப்பில் ஒட்டி, அதன்மேல் தங்க முலாம் பூச வேண்டும். இல்லாவிட்டால் படம் தெளிவாக விழாது. ஒரு கண்ணாடி மூடிக்குள் வைத்துச் சுவிட்சைப் போட்டால் நாவல்பழ நிறத்தில் ஒரு வெளிச்சம் எரியும்; இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இதை நான் வீட்டில் சொன்னது தப்பு. என் அத்தாவுக்கு ராஜபாளையத்தில் டீக்கடை. கடைக்கு வருகிற நகை ஆசாரி ஒருத்தர், "மகள் தங்கத்துல வேலை பாக்குதாமே" என்று ஒரு நாள் நேரில் சோதிக்கவே வந்துவிட்டார்.

கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, முலாம் பூசிய வேப்பிலைத் துணுக்கை இப்படியும் அப்படியும் திருப்பினார். "எங்கம்மா தங்கம்?" இருக்கு மாமா, ஒரு தலைமுடியைப் பல ஆயிரம் பங்காக வகுந்தால் ஒரு பங்கு கனம், கண்ணுக்குத் தெரியாது என்றேன். பூபதி சாரும் வந்து, "அதாவது, தங்கம் இருக்குங்கிறது சயின்டிஃபிக்கா நிச்சயம்" என்று சாட்சி சொன்னார். ஆசாரி லென்ஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கண்ணுக்கே தெரியாத தங்கத்தை இருக்குன்னு சொல்லி நான் வித்திருந்தா, இந்நேரம் என்னை உள்ள வச்சிருப்பானுவ."

வரி வரியாகப் பார்த்தாயிற்று

மெஷினுக்குள் போகிற ஒவ்வொன்றையும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது எங்கள் அறையின் சட்டம். ஸ்டப் நம்பர், மாதிரி என்ன, எத்தனை மடங்கு பெரிதாக்கியது, பார்த்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. முதல் இரண்டு வாரம் முத்து முத்தாக எழுதினேன். பிறகுதான் கவனித்தேன். பூபதி சார் யாரிடமாவது பேசிக்கொண்டே, வேறு பக்கம் பார்த்தபடி கையெழுத்துப் போடுவார். துறைத்தலைவர் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பக்கம் முழுவதும் சேர்த்துப் போட்டுவிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு சீலும் குத்துவார்.

ஒரு வாரம் 'மாதிரி' என்ற இடத்தில், 'ரவா உப்புமா, கல்யாண வீட்டில் மிஞ்சியது' என்று எழுதினேன். 'எத்தனை மடங்கு' என்ற இடத்தில், 'வயிறு நிறைய'. இருவர் கையெழுத்தும் விழுந்தது. சீலும் விழுந்தது. மனசு உறுத்தி, "சார், போன வாரம் எழுதினதுல ஏதாச்சும் திருத்தணுமா?" என்று துறைத்தலைவரிடமே போய்க் கேட்டேன். இரண்டு இருமல் இருமினார். "வரி வரியாப் பாத்துட்டேன். பிரமாதம். இதே மாதிரி கன்டினியூ பண்ணுங்க. நோட் பண்ணுங்க."

ஒரு சிட்டிகை

இனிமேல்தான் விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருவுக்குத் தெரு பால்கோவாவுக்குப் பால் கொதிக்கிறது. அந்த ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் துறை பால்பொடி டீ குடிக்கிறது. ரோட்டோரத்துக் கல்லூரி, அக்கம்பக்கத்தில் கடை கிடையாது. டிபன் ரூமில் பெரிய டப்பாவில் பால்பொடி இருக்கும். டீ போடுகிறவள் நான். என் அத்தாவுக்குத் தெரிந்தால் மகள் என்று சொல்லிக்கொள்ளமாட்டார்.

ஒரு புதன்கிழமை, பூபதி சார் மடவார் வளாகத்துக் கோயில் குளத்திலிருந்து எடுத்த பாசியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அதாவது நூரு, தூசி விழாமப் பாத்துக்கோ. விழுந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும். ஒரு தூசியைப் பாத்தா அது எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லிருவேன். ஏழு வருஷம்!" இப்படிச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா? காய்ந்த பாசியை ஸ்டப்பில் ஒட்டியதும், இரண்டு விரலில் ஒரு சிட்டிகை பால்பொடியை எடுத்துத் தூவினேன். பிறகு தங்கம். என் விளையாட்டுக்கு ஒரு விதி உண்டு: உண்மை எங்கேயாவது திறந்து கிடக்க வேண்டும். அதனால் ரிஜிஸ்டரில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆயிரத்தைந்நூறு மடங்கில் படம் இறங்கிவந்தது. பாசி இழைகளுக்கு நடுவே குண்டு குண்டாக உருண்டைகள். சிலது கன்னம் ஒட்டிப்போய், சிலது சுருக்கம் விழுந்து, பெரிய உருண்டையின் முதுகில் குட்டி உருண்டைகள் சவாரி. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஏட்டி, பால்பொடியா?" என்ற ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். பூபதி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். குமிழை ஒரு சுற்றுத் திருகினார். "நூரு," என்றார், மெல்ல. "இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல."

பாசிக்குப் பெயர் வைத்தது

"சார், அது வந்து" என்று நான் ஆரம்பிப்பதற்குள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவிட்டார். துறைத்தலைவருடன் திரும்பி வந்தார். துறைத்தலைவர் பார்த்தார், இரண்டு இருமல், "புது இனம். நோட் பண்ணுங்க." யாரோ சைக்கிளில் பறந்து போய்ப் பால்கோவா வாங்கிவந்தார்கள். "சார், ஒரு நிமிஷம்" என்று நான் மறுபடி வாயைத் திறந்தபோது பூபதி சார் அதில் ஒரு கை பால்கோவாவை வைத்து அடைத்தார். அதை நான் விழுங்கி முடிப்பதற்குள் துறைத்தலைவர் மதுரைக்கு எஸ்.டி.டி. போன் போட்டுவிட்டார். பூபதி சாரின் ஆராய்ச்சியைப் பரிசோதிக்க ஒரு மேடம் திங்கட்கிழமை வருவதாக ஏற்கெனவே ஏற்பாடு. வரும்போது ஒரு புது இனமும் காத்திருக்கும் என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்னால் என் வேலை போகும். சொல்லாமல் இருந்து, மேடமாகக் கண்டுபிடித்தால் ஏழு வருடமும் செல்வி டீச்சரும் போய்விடுவார்கள். ஒரே வழி, திங்கட்கிழமைக்குள் பூபதி சாருக்குத் தானாகத் தெரிய வேண்டும். ஆனால் அவரோ மறுநாள் முகமெல்லாம் பல்லாக வந்தார். பாசிக்குத் தன் பெயர் வைக்கச் சொன்ன துறைத்தலைவரிடம் போராடி, செல்வியின் பெயரையே வைப்பது என்று முடிவாகிவிட்டதாம். போனில் அவளிடம் சொல்லியும் விட்டாராம். "என்ன சொன்னாங்க சார்?" என்றேன். முகம் லேசாக வாடியது. "'ஊர்ல எத்தனை பூ இருக்கு, குளத்துல ஆளை வழுக்கி விடுற சாமானுக்கா என் பேரு?'ங்கிறா."

அதே உருண்டை

வியாழக்கிழமை அவருடைய ஃபோட்டோவின்மேல் பால்பொடி டப்பாவை வைத்தேன். "அதாவது நூரு, மேசையைச் சுத்தமா வை" என்று நகர்த்திவிட்டார். டீயில் வேண்டுமென்றே பொடியைக் கரைக்காமல் கட்டி கட்டியாக மிதக்கவிட்டேன். மென்று விழுங்கிவிட்டு, ஃபோட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை துணிந்துவிட்டேன். ஒரு புது ஸ்டப்பில் வெறும் பால்பொடியை மட்டும் ஒட்டி, தங்கம் பூசி, மெஷினில் ஏற்றி, அவரைக் கூப்பிட்டேன். "சார், இது நம்ம டிபன் ரூம் பால்பொடி. சும்மா வச்சுப் பாத்தேன். பாருங்க, அதே உருண்டை, அதே சுருக்கம், முதுகுல அதே குட்டி." பூபதி சார் ஸ்கிரீன் பக்கம் குனிந்தார். ஃபோட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். உறைக்கப்போகிறது, இதோ உறைத்துவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நூரு, பாத்தியா! நம்ம பாசி பால்பொடி டப்பா வரைக்கும் பரவியிருக்கு! சயின்டிஃபிக்கா இது தனி பேப்பர்!"

இன்டர்காம்

மிச்சம் இருந்தது என் கைத்தொழில் மட்டும். சனிக்கிழமை மத்தியானம், பூபதி சார் தன் அறைக்குள் போவதைப் பார்த்துவிட்டு, மெஷின் ரூமிலிருந்து இன்டர்காமை எடுத்தேன். அந்தப் பக்கம் எடுத்ததும் இரண்டு தடவை இருமினேன். "பூபதி, நான்தான் பேசுறேன். நோட் பண்ணுங்க. அந்த உருண்டையில கொஞ்சத்தை எடுத்து ஒரு டம்ளர் வெந்நீர்ல போட்டுக் கலக்குங்க. மோந்து பாருங்க. வேணும்னா சீனி போட்டுக்கோங்க."

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு இருமல் கேட்டது. என் இருமல் மாதிரியே, ஆனால் இன்னும் அசலாக. "யாரு பேசுறது?" என்றது குரல். துறைத்தலைவர் பூபதி சார் அறையில் உட்கார்ந்திருப்பார் என்று நான் கண்டேனா? வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது. "என்ன கேள்வி இது, என் குரல் தெரியலையா? துறைத்தலைவர் பேசுறேன்." அப்புறம், தொலைந்துபோன குழந்தை மாதிரி ஒரு கேள்வி வந்தது: "ஏமய்யா... அப்ப நான் யாருய்யா?"

திங்கட்கிழமை

மதுரை மேடம் வெள்ளைத் தலை, கையில் ஒரு பூதக்கண்ணாடி, அடங்கிய குரல். என்னால் காப்பியடிக்க முடியாத ஒரே ஆள். அவ்வளவு மெதுவாகப் பேசினார். பன்னிரண்டு ஃபோட்டோக்களை மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தார் பூபதி சார்; பக்கத்தில் துறைத்தலைவர். பதினொன்று நிஜமான குளத்துப் பாசிகள். கண்ணாடிச் சிமிழ் மாதிரி ஓடு போட்டவை, சீப்புப் பல் மாதிரி கோடு விழுந்தவை, ஏழு வருட உழைப்பு. மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். "இந்தப் பதினொண்ணு போதும். தீசிஸ் நிக்கும்." பூபதி சார் சிரித்துக்கொண்டே பன்னிரண்டாவதை, பெண் வீட்டாருக்குத் தாம்பூலத் தட்டு நீட்டுகிற மாதிரி, இரண்டு கையாலும் நகர்த்தினார். நான் நாலு டம்ளர் டீயுடன் வாசலில் நின்றுவிட்டேன். ஒரு டம்ளரைப் பூபதி சார் எட்டி எடுத்துக்கொண்டார்.

மேடம் பூதக்கண்ணாடியை உருண்டைமேல் வைத்தார். வெகு நேரம் கண்ணாடியை எடுக்கவே இல்லை. "எந்தக் குளம்?"

"மடவார் வளாகம், மேடம். அதாவது, வடக்குப் படித்துறை."

"எந்த ஸ்டப்?"

"பதினாலு."

"ரிஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கு?"

அவர் அதற்காகவே காத்திருந்தவர் போல அலமாரிக்கு ஓடினார். முதன்முதலில் பார்த்தது யார், என்றைக்கு என்பதற்கு அதுதானே அத்தாட்சி. டம்ளரை இடது கையில் வைத்துக்கொண்டு, ரிஜிஸ்டரை விரித்து, மேடையில் பரிசு வாங்கியவர் பெயரை வாசிக்கிற குரலில் வாசித்தார். "ஸ்டப் நம்பர் பதினாலு. மாதிரி, மடவார் வளாகத்துக் குளத்துப் பாசி. அத்துடன்..."

நின்றுவிட்டார்.

"அத்துடன்?" என்றார் மேடம்.

"அத்துடன்... நம்ம டிபன் ரூம்... பால்பொடி... ஒரு சிட்டிகை."

அந்த வரிக்கு நேரே பூபதி சாரின் கையெழுத்து. பக்கத்தில் துறைத்தலைவரின் கையெழுத்து. அதற்கும் மேலே 'சரிபார்க்கப்பட்டது'. துறைத்தலைவர் இருமப் பார்த்தார், ஒன்றுதான் வந்தது. மேடம் பன்னிரண்டாவது ஃபோட்டோவை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். தோள் குலுங்கியது, சத்தம் வெளியே வரவில்லை. "பதினொண்ணு போதும்னு அப்பவே சொன்னேன்ல பூபதி?" என்றார்.

பூபதி சார் கவிழ்ந்து கிடந்த ஃபோட்டோவைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். எங்கள் மெஷினில் படம் இறங்குமே, அது மாதிரி அவர் முகத்தில் மேலிருந்து கீழே வரி வரியாக விஷயம் இறங்கியது. முதலில் நெற்றி, பிறகு புருவம், பிறகு மூக்கு, கடைசியாக வாய். 'அதாவது'வும் 'சயின்டிஃபிக்கா'வும் இல்லாமல் கேட்டார்:

"ஏட்டி நூரு, இந்த டீயில எத்தனை புது இனம் போட்டிருக்க?"

இப்போதெல்லாம் எங்கள் துறையில் எல்லோரும் ரிஜிஸ்டரை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள், நான் போடுகிற டீயைத்தான் ஒருத்தரும் தொடுவதில்லை.